முன்வரிசைக் கதிரை

சினிமாப் பாட்டுகளுக்கு முப்பது வருடம் வாத்தியக்குழு நடத்திய சுஹைரின் இசையை அவருடைய வாப்பா ஒருநாளும் கேட்டதில்லை. இசை ஹறாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

யுத்தம் முடிந்த பிறகு, புத்தளத்தில் பழைய ஊமைப்படம் ஒன்றைத் திரையிட்டார்கள். சுஹைரின் குழு மேடையிலிருந்தே அதற்கு இசை வாசித்தது. பல வருடங்களாக மகனைக் காணாத வாப்பா, பக்கத்திலுள்ள தில்லையடியிலிருந்து வந்து முன்வரிசைக் கதிரையில் அமர்ந்திருந்தார்.

படம் முடிந்து சபையின் பக்கம் திரும்பிய சுஹைர், வாப்பா கண்களைத் துடைப்பதைக் கண்டார். கீழே இறங்கி ஓடினார்.

"வாப்பா, என்ட இசை உங்களுக்குப் புடிச்சிச்சா?"

வாப்பா சட்டைப்பையிலிருந்து காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்க மகன். தொடங்க முந்தியே இதக் கழட்டிட்டேன். உங்கள ஒருக்கா பாத்துட்டுப் போகத்தான் வந்தேன். தலையெல்லாம் நரைச்சுப் போச்சே!"