கரைமேல் போட்ட நாற்காலி

“ஷட்டரைத் திறக்கப் போறீங்களா, இல்லையா மேடம்?”

கொட்டும் மழையில் அணைக்கரைமேல் நின்று கத்தினான் பார்த்திபன். அவனோடு பொன்மலர் நகர்வாசிகள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தனர்.

நகராட்சிக்குச் சொந்தமான சிறிய மண் அணை அது. மழை வெள்ளத்தைத் தேக்கிவைத்து, மெல்ல மெல்ல ஓடையில் விடுவதற்காகக் கட்டப்பட்டது. ஷட்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, குடை பிடித்து அமர்ந்திருந்தார் வார்டு கவுன்சிலர் ஜோதிலட்சுமி. புடவை முழங்கால்வரை சேறு. காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது. ஷட்டரைத் தூக்கும் இரும்புக் கைப்பிடியை மடியில் வைத்திருந்தார்.

“இப்ப முடியாது தம்பி. கீழ ஓடையோரம் அந்தோணியார் தெரு இருக்குது. எல்லாம் கம்பெனி ஆளுங்க, நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்கிக்கினு இருந்த ஜனம். அந்தத் தெருப் பையன் ஸ்டீபன் ஊடு ஊடாத் தட்டி எழுப்பி, ஸ்கூலுக்கு இட்டுக்கினு போறான். அவன் போன் பண்ணட்டும், தொறந்துடலாம்.”

“அதுக்குள்ள எங்க நகரே முழுகிடும்! தேங்கின தண்ணியெல்லாம் பின்னால எங்க தெருவுக்குத்தான் ஏறுது. எங்கப்பா எழுந்து நடக்க முடியாதவர். கட்டிலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துட்டு ஓடி வந்திருக்கேன்.”

“தெரியும் நைனா. கொஞ்சம் பொறு.”

பார்த்திபனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அணைக்குக் கீழே இருந்த கழனிகளெல்லாம் மனைகளாகிக் கல் நட்டாகிவிட்டது. மிச்சமிருப்பது ஜோதிலட்சுமி வீட்டு நெல் ஒன்றுதான். பொங்கலுக்குள் அறுத்துவிடலாம் என்கிற பருவத்தில் கதிர் முற்றி நிற்கிறது.

“அந்தோணியார் தெரு, ஸ்டீபன்... இதெல்லாம் சும்மா. உங்க நெல்லு முழுகக் கூடாது. அதானே?”

“அப்படிக் கேளு!” என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

ஜோதிலட்சுமி கோபப்படவில்லை. “நெல்லு போட்டவளுக்கு நெல்லு மேல ஆசை இருக்காதா?” என்றார்.

“இதையே வீடியோவுலயும் சொல்லுங்க பார்ப்போம்!” பார்த்திபன் போனை நீட்டினான்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நல்லா எடு. நான் இங்க இருக்கிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி எங்க கழனிக்குப் போவாது. போதுமா? வார்டு குரூப்புல போடு. எங்க ஊட்டுக்காரரும் அதுல இருக்காரு. பார்த்துச் சந்தோசப்படட்டும்.”

இப்படியும் ஒரு திமிரா! ‘தன் நெல்லைக் காக்க நம் வீடுகளை மூழ்கடிக்கும் கவுன்சிலர்’ என்று தலைப்பிட்டு உடனே அனுப்பினான். குரூப்பில் வசவுகள் வந்து விழுந்தன. அவற்றுக்கு நடுவே, அவருடைய கணவர் பச்சையப்பனிடமிருந்தும் ஒரு செய்தி: ‘சபாஷ் ஜோதி! விட்டுக் கொடுக்காதே!’

“இன்னா ஜோடிப் பொருத்தம்யா!” என்று யாரோ தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது பார்த்திபனின் மனைவி அருணா போனில் அழைத்தாள்.

“ஏங்க, தண்ணி வடியுதுங்க!”

“நல்லாப் பார்த்துச் சொல்லு. இங்க ஷட்டரே திறக்கலை.”

“நான் என்ன பொய்யா சொல்றேன்? மாமா கட்டில்கிட்ட இருந்த தண்ணி வாசலுக்குப் போயிடுச்சு. எதிர்வீட்டுப் படிகூடத் தெரியுது.”

செய்தி கேட்டதும் மற்றவர்கள் அவரவர் வீட்டைப் பார்க்க விரைந்தனர். பார்த்திபன் மட்டும் நின்றான். மழை விடவில்லை. ஷட்டர் திறக்கவில்லை. அப்படியானால், தண்ணீர் எந்த வழியாகப் போகிறது? மண் கரை எங்கேனும் உடைந்துவிட்டதா?

கரையோடு ஓடினான்.

“தம்பி, அங்க போவாதே!” என்று ஜோதிலட்சுமி கத்தியது காதில் விழுந்தது. அவன் நிற்கவில்லை.

பனைமரங்களைத் தாண்டி, கரை வளையும் இடத்தில் கழனி மதகு இருந்தது. பயிருக்குத் தண்ணீர் விடும் பழைய மதகு. அது முழுவதும் தூக்கப்பட்டிருந்தது. தண்ணீர் இரைச்சலோடு கால்வாயில் பாய்ந்துகொண்டிருந்தது. கால்வாய் போய் முடியும் இடத்தில் நெல் இல்லை. ஓர் ஏரிதான் இருந்தது. அதன் நடுவே ஜோதிலட்சுமி வீட்டு மோட்டார் கொட்டகை பாதிச் சுவர்வரை முழுகி நின்றது.

மதகின் அருகே, சேற்றில் ஒற்றைச் செருப்புப் புதைந்து கிடந்தது.

அதை எடுத்து, மழைநீரில் கழுவிக்கொண்டு திரும்பி நடந்தான். நாற்காலியின் அருகே குனிந்து, அவருடைய வெறுங்காலின் முன்னால் வைத்தான்.

“அக்கா...” என்றான். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா நீ அதையும் குரூப்புல போட்டிருப்பியே.”

“தப்புத்தான் அக்கா. ஊரெல்லாம் உங்களைக் காறித் துப்புது. இந்த நிமிஷமே அந்த வீடியோவை அழிச்சுடறேன்.”

ஜோதிலட்சுமி பதறி எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயையோ, அழிச்சுடாதே நைனா! ஸ்டீபன் போன் வர்ற வரைக்குமாவது இருக்கட்டும். அதைப் பார்த்துட்டுத்தானே எங்க ஊட்டுக்காரரு மதகை மூட வராம, நிம்மதியா ஊட்ல குந்திக்கினு இருக்காரு!”