அறுந்த பட்டன்

"உடம்பு முடியாதவர்கிட்ட உங்க கோட்டுப் பட்டனைத் தைக்கக் கொடுக்கிறீங்களே, வெட்கமா இல்ல?"

பயிற்சி மேடம் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

நோயாளிகளிடம் நர்ஸ் எப்படிப் பழக வேண்டும் என்று இருபது வருஷமாகப் பாடம் எடுப்பவர் அவர். அன்று நேரில் பார்த்து மதிப்பெண் போட வந்திருந்தார். கையில் படிவம். புன்னகைக்கு ஐந்து, கண் பார்த்துப் பேசினால் ஐந்து, காது கொடுத்துக் கேட்டால் பத்து என்று கட்டம் கட்டமாக அச்சடித்தது.

வந்ததும் கண்ணில் பட்டது ஏழாம் கட்டில். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன ஒரு தையல்காரர். அந்த மனுஷன் மடியில் தன் வெள்ளைக் கோட்டைப் போட்டு, நூல் கோத்த ஊசியையும் கையில் திணித்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நிற்கிறாள் ஒரு நர்ஸ்.

"என்ன மாஸ்டர், ஒரு பட்டனுக்கு ஒரு நாளா? கல்யாணத்துக்கு உங்ககிட்ட சட்டை தைக்கக் கொடுத்தவன், குழந்தை பிறந்த அப்புறம்தான் போட்டிருப்பான் போல!"

தையல்காரர் முகம் சிவந்தது. கோணிய வாயால், "போ...டீ!" என்றார்.

"திட்டுறதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. தையல்தான் நெளிஞ்சு கிடக்கு."

அப்போதுதான் மேடம் பாய்ந்தார். பாய்ந்ததோடு நிற்காமல் எட்டாம் கட்டிலைக் கை காட்டினார்.

"அந்த சிஸ்டரைப் பார்த்துக் கத்துக்கங்க!"

அங்கே இன்னொரு நர்ஸ், பாடத்தில் சொன்ன அதே தூரத்தில் நாற்காலி போட்டு, அதே கோணத்தில் சாய்ந்து, ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லுங்க ஐயா."

"பாத்ரூம் போகணும்மா."

"அப்படியா? போகணும்னு தோணும்போது உங்களுக்கு எப்படி இருக்கு?"

மேடம் நெகிழ்ந்துபோய் முழு மதிப்பெண் போட்டார்.

"உங்களுக்குப் பூஜ்யம்" என்று இந்தப் பக்கம் திரும்பினால், ஏழாம் கட்டில் நர்ஸைக் காணோம். பெரியவரைக் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். மேலதிகாரி பேசும்போது விட்டுப் போனதற்கும் மதிப்பெண் குறைக்கத்தான் மேடத்துக்கு ஆசை. பூஜ்யத்துக்குக் கீழே கட்டம் இல்லாததால் விட்டுவிட்டார்.

கட்டிலருகே தையல்காரரின் மனைவி நின்றிருந்தார். மேடம் அவரை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"பயப்படாதீங்க. புகார் எழுதிக் கொடுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்."

"புகாரா? யார் மேல?"

"அந்த நர்ஸ் மேலதான். உங்க வீட்டுக்காரரை இப்படி வேலை வாங்குறாளே!"

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இங்க வந்து மூணு வாரம் அவர் வாயே திறக்கல. எல்லாரும் தோளைத் தட்டி, சிரிச்சுப் பேசிட்டுப் போவாங்க. இவர் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவார். கைக்குப் பயிற்சின்னு ரப்பர் பந்து கொடுத்தா, வீசிக் கடாசிடுவார். ஒரு நாள் இந்தப் பொண்ணு என்கிட்ட, 'ஐயா என்ன தொழில் பண்ணினார்?'னு கேட்டுச்சு. தையல்னு சொன்னேன். மறுநாள் பட்டன் இல்லாம வந்து நின்னுச்சு."

"அறுந்து விழுந்திருக்கும்."

"தினமுமா மேடம் அறுந்து விழும்? அதுவே கத்தரியால வெட்டிட்டு வருது. நான் கண்ணால பார்த்தேன். இவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா ஊசியைத் தொட மாட்டார்."

மேடம் பேனாவை மூடினார்.

"இப்ப சொன்னாரே 'போடி'ன்னு, அதுதான் மேடம் முதல்ல வந்த வார்த்தை. அன்னைக்கு நான் அழுத அழுகை இருக்கே... அந்தப் பொண்ணு மாத்திரை கொடுத்து உட்கார வைக்க வேண்டியதாப் போச்சு."

மேடம் திரும்பிப் பார்த்தார். தையல்காரர் இடது கையால் கோட்டை அமுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நடுங்கும் வலது விரல்களால் ஊசியை இழுத்துக்கொண்டிருந்தார். நூல் முழுசாக வெளியே வந்தது. நிமிர்ந்தார்.

"எங்க... அவ?"

மேடம் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இதற்கென்று எங்கும் கட்டம் இல்லை. பூஜ்யத்தை அடித்துத் திருத்தலாம்தான். திருத்தினால் ஏன் திருத்தினீர்கள் என்று மேலிடத்தில் கேட்பார்கள். எதற்கு வம்பு?

படிவத்தை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்தார். தன் சொந்த நோட்டை எடுத்தார்.

"அம்மா, முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லுங்க. கொஞ்சம் நிதானமா."

மூன்று மாதம் கழித்து, மதிப்பெண் குறைந்த நர்ஸ்களுக்கான கட்டாய வகுப்பு. திரையில் பெரிய எழுத்தில் மேடத்தின் பெயர். அதற்குக் கீழே, 'சீண்டிக் குணமாக்கல்: ஒரு புதிய கோட்பாடு.' ஒரு தையல்காரர், ஒரு பட்டன், ஒரு வசவு என்று மேடம் உருகி உருகி விளக்க, அரங்கமே கைதட்டியது.

"எப்படி மேடம் இதைக் கண்டுபிடிச்சீங்க?" என்று ஒருத்தி எழுந்து கேட்டாள்.

"எல்லாம் இருபது வருஷ அனுபவம்மா" என்று அடக்கமாகச் சிரித்த மேடம், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழாம் கட்டில் நர்ஸைப் பார்த்து விரலை நீட்டினார்.

"நீங்கதான் இதை முக்கியமா எழுதிக்கணும்."