நாலு விரல் துரு

மழை விட்ட காலை வெயிலில் புது லாரி பளபளக்கிறது. சக்கரத்தின் நடுவே பெயின்ட் அடிக்காத இரும்பில் மட்டும் துரு. புது வண்டிக்கு அது சகஜம்தான். ஆனால் இந்தத் துரு ஒரு வலது கையாக விரிந்திருக்கிறது, அதில் சுண்டுவிரல் இல்லை. லாரியை வாங்கியவள் அதன் முன் குந்தியிருக்கிறாள். போன வருஷம் செத்துப்போன அவள் புருஷனுக்கும் அந்த விரல் கிடையாது. அவன் வியர்வை அப்படிப்பட்டது: தொட்ட இரும்பெல்லாம் சிவந்துவிடும், வீட்டுச் சாவி பூட்டுக்குள் நுழைவதற்குள் துருப்பிடித்துவிடும். “அதனாலதான் அண்ணன் கடைசிவரைக்கும் பழைய வண்டியே வாங்கினாரு, அண்ணி” என்கிறான் கொழுந்தன், சிரிக்கப் பார்த்து. “புதுசை நான் தொட்டா அன்னைக்கே பழசாயிடும்டான்னு சொல்வாரு.” மெக்கானிக் எண்ணெய்த் துணியோடு குனிகிறார். “மேலாக்க துருதாம்மா. எவனோ ஈரக் கையை வெச்சிருக்கான். ஒரு இழுப்புல போயிடும்.” துணி கட்டைவிரலைத் தொடப்போகும்போது அவள் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறாள். “வேண்டாம், விடுங்க.” “துடைக்கலன்னா பரவும்மா.” “பரவட்டும்” என்கிறாள், துருவிலிருந்து கண்ணெடுக்காமல். கொழுந்தன் தன் கையிலிருக்கும் லாரியின் புதுச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். அதன் நுனி சிவக்கத் தொடங்கியிருக்கிறது.