ஆறாவது ஞாயிறு

மதியம் இரண்டே காலுக்குக் கரண்ட் போனது.

“ஆரல்வாய்மொழில கரண்டு எடுக்க அவ்வளவு காத்தாடி சுத்துது. இங்க ஒரு ஃபேன் சுத்த மாட்டேங்கு,” என்று பின் பெஞ்சில் பிரபின் முனகினான்.

பி.எட். வகுப்பு சிரித்தது. பக்கத்தில் இருந்த ஷெர்லியும் சிரித்தாள்.

அன்று அவள் லீவு சொல்லியிருந்தாள். பேச்சு நின்றுபோன மகன் ஷிபினை நாகர்கோவிலில் டாக்டரிடம் காட்டப் போயிருந்தாள். டாக்டர் வரவில்லை. பிள்ளையை அக்காள் வீட்டில் விட்டுவிட்டு, பாதி வகுப்பில் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தாள்.

திரையில் காட்ட வழியில்லாததால் கூடப் படிக்கும் ஜாஸ்மி ஜன்னலோரம் நின்று தாளைப் பார்த்து வாசித்தாள்.

உளவியல் பாடத்துக்கு ஆளுக்கொரு குழந்தை. அதற்குத் தெரியாமல் கவனித்து எழுத வேண்டும். பெயரை மாற்றிவிட வேண்டும்.

உனக்கு யார் என்று ஷெர்லி முன்பே கேட்டிருந்தாள். எங்க தக்கலையில ஒரு பையன் அக்கா என்றாள் ஜாஸ்மி.

“சிறுவன் அருண். வயது ஆறு. தந்தை கடலில் காணாமல் போனதிலிருந்து பேசுவதில்லை.”

தக்கலையில் கடல் கிடையாது.

“வேண்டும் என்றால் தாயின் முழங்காலில் ஒரு தட்டு தட்டுவான். வேண்டாம் என்றால் இரண்டு.”

ஷெர்லியின் கை தன் முழங்காலுக்குப் போனது. ஒன்றரை வருஷமாக அவளிடம் ஷிபின் பேசுவது அந்தத் தட்டில்தான்.

கணவனைத் தேடிப்போன வள்ளங்கள் வெறுமையாகத் திரும்பிய பிறகு, என்ன பேசுவதென்று தெரியாமல் சொந்தக்காரர்களே ஷெர்லியின் வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். ஜாஸ்மி மட்டும் வந்தாள். ஞாயிறுதோறும், ஆராதனை முடிந்த கையோடு, பஸ் ஏறி. ஷிபினோடு தரையில் உட்கார்ந்து சிப்பி அடுக்குவாள். அவளுக்கென்று ஷெர்லி நெய்மீன் வாங்கிக் கறி வைப்பாள்.

“ஆறாவது ஞாயிறு. தாய் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். சிறுவன் முதன்முறையாக வாய் திறந்து ஆய்வாளரிடம் இரண்டு சொற்கள் பேசினான். அதன்பின் பேசவில்லை. தாயிடம் இது தெரிவிக்கப்படவில்லை. தெரிவித்தால் அவர் நடந்துகொள்ளும் விதம் மாறி, ஆய்வு கெட்டிருக்கும்.”

“வெரி குட்,” என்றார் ஞானதாசன் சார். “இதாக்கும் அப்சர்வேஷன்.”

வகுப்பு கை தட்டியது.

ஒரு ஞாயிறு சாப்பிடும்போது ஜாஸ்மியின் கண் கலங்கியிருந்தது. கறியில் எரிவு கூடிவிட்டதோ என்று நினைத்து, ஷெர்லி ஓடிப்போய் மோர் எடுத்து வந்து கொடுத்தாள்.

யாருக்காவது கேள்வி உண்டா என்று சார் கேட்டார்.

ஷெர்லி எழுந்தாள். ஜாஸ்மி அப்போதுதான் அவளைப் பார்த்தாள்.

“ஏட்டி ஜாஸ்மி, எம்பிள்ள என்ன சொன்னான்?”