காக்கைக் குரல்

“இன்னியோட ஸ்ரீரங்கன் கணக்கைத் தீர்த்துடறேன்” என்று பல்லைக் கடித்தபடி சாருலதா கத்தியைத் தீட்டினாள்.

எதிரே உட்கார்ந்திருந்த காமாக்ஷி பதறினாள். “மெதுவாப் பேசேன் சாரு. அந்த மனுஷன் வராண்டாலதான் உக்காந்துண்டிருக்கான்.”

“இருக்கட்டும். அவன் பொண்ணுக்கு இங்க வேலை இல்லைங்கறதை அவன் காதாலயே கேக்கணும்.”

பயப்பட வேண்டாம். அது ஆளைக் குத்தும் கத்தி இல்லை, சீவாளி சீவும் கத்தி. நாயனத்துக்கு இருப்பதுபோல் ஓபோ என்ற மேற்கத்திய ஊதுவாத்தியத்துக்கும் வாயில் வைத்து ஊத ஒரு நாணல் சீவாளி உண்டு. ஆனால் கோபம் மட்டும் அசல் கொலைகாரக் கோபம்தான்.

ஒரு காலத்தில் கோடம்பாக்கத்தில் ஓபோ என்றாலே சாருலதாதான். இசையமைப்பாளன் ஸ்ரீரங்கன் ஒருநாள் அவளை மைக் முன்னால் உட்கார்த்தி, “சும்மா டெஸ்டிங் மேடம்” என்று ஒவ்வொரு ஸ்வரமாக ஊதச் சொல்லிப் பதிவு செய்துகொண்டான். அத்தனையையும் கீபோர்டில் ஏற்றிவிட்டான்; கட்டையை அழுத்தினால் போதும், அவள் ஓபோ ஒலிக்கும். அதற்குப் பிறகு அவளை ஒருவரும் கூப்பிடவில்லை.

தி. நகரில் புடவை எடுத்துக்கொண்டிருந்தபோது கடை ஸ்பீக்கரில் ஒரு புதுப் பாட்டு. ஓபோ அவளுடையது, ஊதியது அவள் இல்லை. புடவையைப் போட்டுவிட்டு அங்கேயே அழுதாள்.

பிறகு பல்கலைக்கழகத்தில் இசை ஆசிரியை ஆனாள். இப்போது அவள் துறையில் இன்னொரு ஓபோ ஆசிரியர் வேண்டும். வந்திருப்பதோ இரண்டே பேர். ஒருவன் அவளுடைய மாணவன் பிரசாத், பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் கெங்கம்மாவின் மகன். இன்னொருத்தி ஷ்ரேயா. கீபோர்டுக்காரன் வயிற்றில் ஓபோ பைத்தியம் வந்து பிறந்திருக்கிறது பாருங்கள், ஸ்ரீரங்கனின் ஒரே மகள்!

“நடுவுல கறுப்புத் திரை போட்டுடுவா. பேர் கிடையாது, நம்பர்தான். யார் ஊதறான்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் காமாக்ஷி. அவள் பியானோ ஆசிரியை, இன்னொரு தேர்வாளர்.

“காக்கா சொல்லும்” என்று சிரித்தாள் சாருலதா.

வாத்தியத்தில் செருகும் முன் சீவாளியை மட்டும் உதட்டில் வைத்து ஒரு தரம் ஊதிப் பார்ப்பது ஓபோக்காரர்கள் வழக்கம். காக்கை கரைவதுபோல் ஒரு சத்தம் வரும். சீவுகிற கைக்குத் தக்கபடி அந்தக் காக்கையின் குரலும் மாறும்.

“பிரசாத் சீவாளி நான் சீவினது. தூக்கத்துல கேட்டாலும் தெரியும். அவளோடது வெளிநாட்டுச் சரக்கு, கீச்சுனு கத்தும்.”

“இது நியாயமே இல்லைடி.”

“எனக்கு நடந்தது மட்டும் நியாயமா?”

வராண்டாவில் ஷ்ரேயா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரே டம்ளர் தண்ணீரில் இரண்டு பேருடைய சீவாளிகளும் ஊறிக்கொண்டிருந்தன.

பக்கத்தில் நின்ற பிரசாத்தைச் சாருலதா ஓரமாக இழுத்தாள். “அவகிட்ட என்னடா பேச்சு?”

“அழுதுகினே கீறாங்க மேடம். பாவம்.”

“பாவ புண்ணியமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். போய் ஒழுங்கா ஊது.”

தேர்வு தொடங்கியது. திரைக்குப் பின்னால் ஒன்றாம் நம்பர் சீவாளியை ஊதிப் பார்த்தது. கரகரவென்று கனத்த குரல். தன் கை வேலை! சாருலதாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வாசிப்பு என்னவோ சுமார்தான். நடுவில் விரல் தடுமாறியது, ஓரிடத்தில் மூச்சு பாதியில் நின்றது. ‘பயந்துட்டான் பையன்’ என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்து இரண்டாம் நம்பர். கீச்! சாருலதா உதட்டைச் சுழித்தாள்.

ஆனால் அந்தக் கீச்சுச் சீவாளியிலிருந்து வந்த இசை அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது. மெதுவான பகுதியில் மூச்சு இம்மியும் அசையவில்லை. காமாக்ஷி கண்ணை மூடிக்கொண்டாள். சாருலதாவுக்கே உடம்பு சிலிர்த்தது. பாவி, இப்படி ஊதுகிறாளே!

ஒரு கணம் மனசு தடுமாறியதும் உண்மை. உடனே அந்தப் புடவைக் கடை ஸ்பீக்கர் ஞாபகத்துக்கு வந்தது.

“ஒண்ணாம் நம்பருக்கே குடுத்துடலாம்” என்றாள்.

“சாரு, எனக்கென்னமோ ரெண்டாவதுதான்...”

“ஓபோ உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?”

காமாக்ஷி தாளில் கையெழுத்துப் போட்டாள். வராண்டாவுக்குப் போன உதவியாளர், “ஒன்றாம் நம்பர் தேர்வு” என்று அறிவித்தார். ஸ்ரீரங்கனின் முகம் சுருங்குவதைப் பார்க்கச் சாருலதா ஆசை ஆசையாக எழுந்து வந்தாள்.

அவன் கைகூப்பிக்கொண்டு எதிரே வந்தான். கண்ணில் தண்ணீர். “நான் பண்ணினதுக்கு என் பொண்ணைப் பழி வாங்குவீங்கன்னு பயந்துட்டே வந்தேன் மேடம். நீங்க தெய்வம்!”

ஷ்ரேயா குனிந்து அவள் காலைத் தொட்டாள். அவளுடைய சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ‘1’ என்று இருந்தது.

சாருலதா அந்த அட்டையை இன்னொரு தரம் படித்தாள். வாத்தியப் பெட்டியோடு சுவரோரம் நின்ற பிரசாத்தைப் பார்த்தாள். “என்னடா பண்ணினே?”

அவன் வெள்ளந்தியாகச் சிரித்தான்.

“அவுங்க சீவாளி பேசலன்னு அழுதாங்க மேடம்... அதான், மாத்திக்கினோம்.”