ஒரே இழுப்பு

"ஒரு கத்திக்கு ஒரு மாசச் சம்பளமா அண்ணே?"

மடக்குக் கத்தியைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கணவன் ஆசைப்பட்டு வாங்கிப் போவதும், பிறகு மனைவி அதைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதும் துறைமுகத்தை ஒட்டியிருந்த அந்தப் படகுச் சாமான் கடைக்குப் புதிதல்ல.

விற்பனையாளருக்குக் கடையில் ரேடியோ என்று பட்டப்பெயர். திருகிவிட்டால் நிறுத்த முடியாது. அதிலும் கத்தியைப் பற்றிப் பேச்செடுத்தால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார்.

"பில் இருக்காம்மா?"

நீட்டினாள். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

"முப்பது நாளுக்குள்ள வந்தாதான் திருப்பி எடுப்போம். கடைச் சட்டம். நான் ஒண்ணும் பண்ண முடியாதே."

"திருப்பிக் கொடுக்க வரலை. ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்." சுவரில் வரிசையாகத் தொங்கிய மலிவுக் கத்திகளைக் காட்டினாள். "அதுக்கும் இதுக்கும் நிஜமாவே வித்தியாசம் இருக்கா? இல்ல, சும்மா பகட்டுதானா? உள்ளதைச் சொல்லுங்க."

ரேடியோவுக்கு அந்தக் கணவன் நினைவுக்கு வந்தான். மீன்பிடிப் படகில் வேலை. மூன்று தடவை வந்து பார்த்துப் பார்த்துவிட்டுப் போனவன், நாலாம் தடவை பணத்தோடு வந்தான். பச்சைப் பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் கத்தியை வாங்கிக்கொண்டு போனான்.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். அலகு, கீல், கைப்பிடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்களே பாருங்கம்மா. கைப்பிடி டைட்டானியம், உப்புத் தண்ணி இதை ஒண்ணும் செய்யாது. அலகு சாதா இரும்பு இல்ல, எஃகைப் பொடியாக்கி அழுத்திச் செஞ்சது. எட்டு மாசம் கடல்ல பாடுபட்டும் ஒரு கீறல் இருக்கா? ஒரு துருப்புள்ளி இருக்கா? இதைவிட என்ன அத்தாட்சி வேணும் உங்களுக்கு?"

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"எதுவானாலும் வெட்டத்தானே அண்ணே செய்யும்? ரெண்டும் ஒண்ணுதான்னு எல்லாரும் சொல்றாங்க."

"சொல்றவங்க யாரும் வெட்டிப் பாத்திருக்க மாட்டாங்க."

"இவ்வளவு தடிமன் இருக்கும், கயிறு." கட்டைவிரலைக் காட்டினாள். "நல்லா நனைஞ்சு, விறைப்பா இருக்கும். அதை வெட்டுமா?"

இதற்காகவே காத்திருந்தவர்போல ரேடியோ துள்ளி எழுந்தார். படகுக் கயிற்றில் இரண்டு முழம் எடுத்து வாளித் தண்ணீரில் முக்கினார். ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை அவளிடம் கொடுத்தார்.

"பலமா இழுத்துப் பிடிங்க. விட்டுடாதீங்க."

ஒற்றைக் கைக் கட்டைவிரலாலேயே கத்தியைத் திறந்து, கயிற்றில் வைத்து இழுத்தார். கயிறு துண்டாகி, அவள் இரண்டு அடி பின்னால் தள்ளாடினாள்.

"ஒரே இழுப்பு!" என்றார் ரேடியோ. கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அந்தக் கத்தியாலயும் வெட்டுங்க அண்ணே."

மலிவுக் கத்தியை எடுத்தார். "இதைத் திறக்கவே ரெண்டு கை வேணும், கவனிச்சீங்களா?" நகத்தால் நெம்பித் திறந்து, மிச்சக் கயிற்றை அறுக்க ஆரம்பித்தார். அறுக்க அறுக்க அவள் உதடுகள் அசைந்தன. எண்ணுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. பதினொன்றாவது இழுப்பிலும் ஒரு புரி அறாமல் தொங்கியது.

"இது புதுசு, அதனால இந்த மட்டும் அறுத்துச்சு. உப்புத் தண்ணி குடிச்ச பழசா இருந்தா கயிறைத் தடவிக் கொடுக்கத்தான் லாயக்கு."

"போதும் அண்ணே."

கையிலிருந்த ஈரக் கயிற்றை அவள் கீழே போடவில்லை. பிறகு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிடுங்களேன். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

ரேடியோ வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லாருக்கே! வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட நான் சாட்சி சொல்லணுமா? பாவம்மா, அவரைத் திட்டாதீங்க. வலை கடலுக்குள்ள இறங்கி ஓடுற நேரத்துல கயிறு கால்ல சுத்திக்கிச்சுன்னு வைங்க, தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போறதுக்குள்ள அறுத்தாகணும். ரெண்டே நொடிதான் கிடைக்கும். அந்த ரெண்டு நொடிக்குத்தான் இந்த விலை. நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"சுத்திக்கிச்சு அண்ணே," என்றாள். "போன மாசம்."

சிரிப்பு அவர் முகத்திலேயே நின்றுவிட்டது. சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப விழுங்கிவிட முடியாதா என்று இருந்தது. மேசைமேல் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்த கத்தியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் கத்தி... இது கையில இருந்துமாம்மா?"

அவள் கயிற்றை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"கீறல் விழுந்துடும்னு இதை அவர் கடலுக்குக் கொண்டுபோனதே இல்ல அண்ணே."