ரத்தத்தில் ஒரு கங்காணி

“ரத்தத்துல உள்ள வியாதின்னா, மகளுக்கும் வராதுன்னு என்னங்க நிச்சயம்?”

இராக்கம்மா கேட்டதும் வடையைப் பிட்ட கைகள் அப்படியே நின்றன. மகன் ரஜீவோடு லுணுகலையிலிருந்து அவர் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்து அரைமணி நேரம் ஆகிறது. ரஜீவுக்கும் கிருஷாந்திக்கும் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. மிச்சம் இருந்தது இந்த ஒரு கேள்விதான்.

பெண்ணின் அப்பா சிவஞானம் தொண்டையைச் செருமினார். இரண்டு வருடமாக அவருக்கு ரத்தப் புற்றுநோய். கிளினிக்கில் டாக்டர் சொல்வதைத் தோட்டத்து ஆட்களுக்கு ஏற்றபடி விளக்குவதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது அவருடைய எண்ணம்.

“இது பரம்பரையா வாறது இல்லீங்க. என் உடம்புல ரெண்டு ஜீன் ஒடைஞ்சு, இடம் மாறி ஒட்டிக்கிச்சு. ஒட்டினது ஆள வெரட்டி வேலை வாங்குற கங்காணி மாதிரி ஆயிருச்சு. ரத்தத்துல உள்ள வெள்ளை அணுவ ‘பெருகு, பெருகு’ன்னு ஓயாம வெரட்டுது. தினம் மாத்திரை போட்டா அந்தக் கங்காணி வாய அடைச்சு வச்சிரலாம்.”

இராக்கம்மா யோசித்தார்.

“கங்காணி வேலை அப்பனுக்கப்புறம் மகனுக்குத்தானே வரும்?”

அடைத்தது சிவஞானத்தின் வாய்தான். தொழிற்சங்கத் தலைவர் என்று சொல்லியிருக்கலாமோ? அதுவும் இதே கதிதான்.

“அதோட, பொண்ணு மூக்கு, சிரிப்பு எல்லாம் அப்பாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கே!” என்றார் இராக்கம்மா.

சிவஞானத்தின் மனைவி விஜயலெட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிவஞானம் கண்ணால் தடுத்தார்.

தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற கிருஷாந்தி சிரித்தாள். “ஆமாங்க அத்தை, நான் அப்பா மகதான். வந்தா நானும் மாத்திரை போட்டுக்கிறேன்.”

“யோசிச்சு சொல்றோம்ங்க” என்று இராக்கம்மா எழுந்தார். ரஜீவ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினான்.

ஆட்டோ மறைந்ததும் விஜயலெட்சுமி வெடித்தார். “அப்பனும் மகளும் சேர்ந்து நல்ல சம்பந்தத்தக் கெடுத்துட்டீங்களே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தம்மா பயமே போயிருக்குமே!”

“போயிருக்கும்தான்” என்று சிவஞானம் அன்றைய மாத்திரையை விழுங்கினார். “ஆனா இவள மூணு நாள் பிள்ளையா தத்தெடுத்தோம்னு சொன்னா, எனக்குக் குடுத்த மூக்க அந்தம்மா திருப்பி வாங்கிட்டுல்ல போயிருக்கும்?”